உறைந்து நின்ற கறுப்பு போன்

ஒரு மென்பொருள் கம்பெனியில், செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் மேஜைமேல் இரண்டு போன்கள் இருந்தன. கறுப்பு போன் பழையது, நிதானமானது. வெள்ளை போன் புதிது.

அன்று ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் செயலி ஒன்று சோதனைக்கு வந்தது. கறுப்பு போனில் அது பாதியிலேயே உறைந்து நின்றது.

"எப்படியாவது ஓடுற மாதிரி காட்டிச் சமாளிச்சிடுங்கண்ணே," என்றது வெள்ளை போன். "எல்லாரும் அவசரத்துல இருக்காங்க. உங்களைத்தான் குறை சொல்வாங்க."

கறுப்பு போனுக்குத் தெய்வானையின் ஞாபகம் வந்தது. முன்பு அந்த மேஜையில் சோதனை பார்த்தவள் அவள். செயலி இப்படி நின்றால் அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஒளிந்திருந்த பிழையைப் பார்த்து "அகப்பட்டுக்கிட்டியா!" என்று துள்ளுவாள். செயலியை எழுதியவர்களைக் கையோடு இழுத்து வந்து காட்டுவாள். அவர்களும் முனகிக்கொண்டே உட்கார்ந்து சரிசெய்வார்கள். அது ஒரு காலம். அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

"எனக்கு அது வராது தம்பி. தெய்வானை என்னை அப்படிப் பழக்கலை," என்றது கறுப்பு போன்.

மேலாளர் வந்து பார்த்தார். "போன்லதான் கோளாறு. தூக்கிப் போடுங்க."

பழைய வயர்கள் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் கறுப்பு போன் விழுந்தது. வெள்ளை போனில் செயலி ஜோராக ஓடியது. மாலைக்குள் அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துத் தொலைபேசி மணிகள் விடாமல் அடித்தன. "பழைய போன் வச்சிருக்கிற யாருக்குமே டோக்கன் விழலையாம்! ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்களாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

சற்று நேரத்தில் மேலாளரின் கை பெட்டிக்குள் நுழைந்து வயர்களை விலக்கித் தேடியது. கறுப்பு போனில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. இருந்தாலும் அது திரையைப் பளிச்சென்று ஒளிரவிட்டது.