சாயமில்லாத நீலம்

ஆய்வுக்கூட ஜன்னலோரம் பேராசிரியர் ஒரு மெல்லிய தகட்டைச் சாய்க்கிறார். அது நீலமாக ஜொலிக்கிறது. ஆய்வைப் பார்க்க வந்திருந்தவர்கள் நெருங்கி வந்து எட்டிப் பார்க்கிறார்கள். "இதுல சொட்டுச் சாயம் கிடையாது. நீலப் பட்டாம்பூச்சி இறக்கைச் செதில்ல இருக்கிற நுணுக்கமான வரிகள்தான் வெளிச்சத்த நீலமாத் திருப்புது. அதையே பிளாஸ்டிக்ல செஞ்சிருக்கு." அந்த வரிகளை ஆறு வருடம் நுண்ணோக்கியில் அளந்து, கணக்குப் போட்டுக்கொடுத்து, கண்ணையும் கெடுத்துக்கொண்ட உதவியாளர் சுவரோரம் நிற்கிறாள். "யார் கண்டுபிடிச்சது?" என்று ஒருவர் கேட்கிறார். அவள் சுவரை விட்டு ஓரடி முன்னே வருகிறாள். "அத ஏன் கேக்கறீங்க, என் முடியெல்லாம் இதுலதான் கொட்டிச்சு" என்று பேராசிரியர் வழுக்கையைத் தடவுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். "அந்தத் திரைய கொஞ்சம் விலக்கும்மா." அவள் விலக்குகிறாள். வெயில் பாய்ந்து நீலம் இரட்டிப்பாகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். சும்மா நின்றால் தப்பாக நினைப்பார்களே என்று அவளும் தட்டுகிறாள்.