இரண்டு தடவை உப்பு

கம்ப்யூட்டர் திரையில் லாரி வந்து மோதியது. சுவரில் மயிரிழையாய் ஒரு விரிசல் கிளம்பி, ஒரு சாண் ஓடி, நின்றுவிட்டது.

"அவ்ளோதான். எண்பது கிலோமீட்டர் வேகத்துல வந்திருந்தா சுவரு தாங்கியிருக்கும். அந்த ஆளு பறந்து வந்திருக்கான்" என்றார் லுபோஷ்.

அந்த ஆள் ஸ்டானெக், பால் லாரி டிரைவர். போன மாதம் வல்டாவா ஆற்றுப் பாலத்தின் ஓரச்சுவரை உடைத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்து செத்தான்.

செத்தவன் எழுந்து வந்து வேகம் சொல்லவா போகிறான்?

சுவர் கட்டியது லுபோஷின் கம்பெனி. சுவர் நல்லது என்றால் பழி ஸ்டானெக்கின் தலையில். சொத்தை என்றால் பாலம் நெடுகச் சுவரை இடித்துவிட்டு மறுபடி கட்டித் தர வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த ராட்கா, கோப்பையின் அடியில் தங்கிய காப்பி மண்டியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினியர் ஐயா, உப்புப் போட்ட சூப்புல மறுபடியும் உப்புப் போட்டிருக்கீங்க."

லுபோஷுக்கு அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. நேற்று முளைத்தவள், உப்புக்கணக்கு சொல்ல வந்துவிட்டாள்!

அவள் அவரை விட்டுவிட்டு விசாரணைக் குழுத் தலைவர் டோபெஷிடம் பேசினாள். படீரென்று அடித்தால் கான்கிரீட் தன் கனத்தாலேயே கொஞ்சம் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டைக் கம்ப்யூட்டர் தானாகவே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இவரோ அது போதாதென்று, கான்கிரீட்டின் வலுவையும் கையால் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

கூட்டியதை எடுத்துவிட்டு அவள் ஓட்டிக் காட்டினாள். விரிசல் நிற்கவில்லை. இரண்டாய், நான்காய்க் கிளைவிட்டுச் சுவர் பிளந்தது. அதே எண்பதில்.

"சுத்தியலால படீர்னு அடிச்சுப் பாக்கற சோதனையில நிஜ கான்கிரீட் காட்டின வலுவத்தான் போட்டிருக்கேன். இன்ஜினியரம்மா சோதனைக்கூடத்து வாசலையாவது மிதிச்சதுண்டா?"

டோபெஷ் சிரித்துவிட்டார். அந்தச் சோதனையில் தெரிந்த வலுவிலேயே அதே முரண்டு இருக்கிறது என்று ராட்கா சொல்ல வாயெடுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லுபோஷ் கணக்கே இருக்கட்டும். சாப்பாடு ஆனதும் அறிக்கையில கையெழுத்துப் போட்டுடறேன்."

ராட்காவின் முகம் சிவந்தது. எதையோ முனகியபடி வெளியே போனாள். லுபோஷுக்கு வயிறு குளிர்ந்தது. வேண்டுமென்றே நின்று, டோபெஷுடன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வந்தார்.

நடையில் செருப்பு மாற்றும் இடம். யாராக இருந்தாலும் ஷூவை இங்கே கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பில்தான் உள்ளே போக வேண்டும். காலையில் அவர் தாமதமாக வந்து அவசரமாய் உதறிய ஷூவில் ஆற்றுச் சேறு காய்ந்து கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி ஜிட்கா.

"ஜெயிச்சாச்சு" என்றார். பிறகு அவள் கேட்டதற்கு எரிச்சல் வந்துவிட்டது. "லேட்டானா ஆகட்டும். ஒரு மாசமா நாம எல்லாரும் போற மாதிரி படகுலயே பாப்பாவக் கூட்டிட்டு வா. என்ன அவசரம்னாலும் பாலத்துப் பக்கம் மட்டும் போயிடாத. சொன்னாப் புரியுதா?"

செருப்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

ராட்கா. ஒரு காலில் ஷூ, நாடா பாதி கட்டியபடி. அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சேற்று ஷூவைப் பார்த்தாள்.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

அவள் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். ஷூவைக் கழற்றி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு டோபெஷின் அறையை நோக்கித் திரும்பி நடந்தாள்.