கொடியில் காய்ந்த சட்டை

நாளைக் காலை சதீசன் குடியை விடுவதற்காகச் சிகிச்சை இல்லத்தில் தங்கப் போகிறான். அங்கே உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க, மனைவி கோபிகா அவனுடைய புதுச் சட்டையின் கழுத்துக்குள் சிவப்பு நூலால் ‘ச’ என்று தைத்துப் பைக்குள் வைத்தாள்.

முற்றத்துக்கு வந்தால், கொடியில் அதே சட்டை நிறம் மங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. அதே சிவப்பு ‘ச’. பைக்குள் புதுசும் அப்படியே இருந்தது. மங்கியதன் பக்கங்கள் பிரித்து அகட்டித் தைக்கப்பட்டிருந்தன, தையல் கோபிகாவுடையதேதான், ஆனால் அவள் இன்னும் தைக்காத தையல்.

அதைச் சதீசனுக்குப் போட்டுவிட்டாள். மெலிந்த உடம்பில் தொளதொளத்தது.

“விட ஏலாது எண்டு நினைச்சனான்,” என்றான் அவன்.

“கொழுத்தெல்லோ வரப்போறியள்!”

இருவரும் நாரந்தனை ஊர் முழுக்கக் கேட்கச் சிரித்தார்கள். பிள்ளையில்லாத அந்த வீட்டுக் கொடியில், அடுத்த கிளிப்பில், உள்ளங்கையளவு சின்னச் சட்டை ஒன்று இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.