தாண்டினால் போச்சு

"அந்த ரூம் வாசப்படியைத் தாண்டினது எதுவும் திரும்பி வந்ததில்ல. ஏழு டம்ளர் போச்சு, என் துண்டும் போச்சு," என்று அக்கா பொருமினாள்.

"எல்லாம் நீ குடுக்கிற செல்லம்க்கா," என்றாள் தங்கை.

"மணி ஒன்பதாச்சு. இன்னிக்கும் லேட்டாப் போனா காலேஜ்ல சீட்டைக் கிழிச்சிடுவாங்கடி!"

கத்திப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரியும். நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். கதவு படாரென்று திறந்தது. நரைத்த தாடியும் தோளில் அவள் துண்டுமாக அவள் கணவர், இயற்பியல் பேராசிரியர், நின்றார்.

"கருந்துளையோட எல்லையைத் தாண்டின எதுவும் வெளிய வராது. இதான் இன்னிக்குப் பாடம். பசங்களுக்குப் புரியற மாதிரி வீட்டு உதாரணம் ஒண்ணு வேணும். மூணு நாளா யோசிக்கிறேன், சிக்க மாட்டேங்குதே!"

அக்கா அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

டம்ளர் ஏழில்லை, பதினொன்று.