மூன்று கிலோ முந்நூற்று ஐம்பது

தராசில் மூன்று கிலோ முந்நூற்று ஐம்பது என்று வந்ததும் துர்காதேவி முதலில் டாக்டருக்குத்தான் போன் போட்டாள்.

“வண்டி அனுப்ப வேணாம் சார். அம்பரீன் கொழந்த தேறிடுச்சி.”

போன மாதம் இரண்டு கிலோ நூறுதான் இருந்தது. இந்த முறையும் ஏறவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் பிழைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தைகளின் எடையைப் பற்றிய ஆய்வு அது. செவிலிமேட்டில் நாற்பது வீடுகளுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை துர்காதேவிக்கு.

அம்பரீன் சுவரோரம் நின்றாள். பத்தொன்பது வயது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். தலை நிமிரவில்லை.

“அன்னிக்குத் திட்டினேன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தியே. திட்டினதாலதான் இன்னிக்கு ஏறியிருக்குது.”

அன்று திட்டியது வாசலில் வைத்து. “எலிக்குஞ்சு மாதிரி வச்சிருக்கியே, நீயெல்லாம் எதுக்குப் பெத்துக்கின?” தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதுலருந்து இது தண்ணி புடிக்கக்கூட வெளிய வர்றதில்லக்கா,” என்றாள் தேவகி.

தேவகி பக்கத்து வீடு. தறியிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். புடவை முழுக்க அரக்குப் பட்டின் பிசிறு. அவளுக்கும் கைக்குழந்தைதான். ஆய்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பிறந்துவிட்டதால் பட்டியலில் இல்லை.

“உன்னுது எங்க?”

“எங்க வூட்டுத் தூளியில தூங்குதுக்கா.”

“பக்கத்து வூடுதான, சத்தமே காணோமே. சமத்து.”

தேவகி தெருவைப் பார்த்தாள்.

துர்காதேவி குழந்தையைத் தராசிலிருந்து தூக்கினாள். இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை. அரக்குப் பட்டு இழையை முறுக்கிக் கட்டியிருந்தது.

“காஞ்சிபுரத்துல பொறந்தா அரைஞாணும் பட்டுதானா?”

இருவரும் சிரிக்கவில்லை.

“அடுத்த வாரம் அம்மாங்க கூட்டம் இருக்குது. உன்னத்தான் எல்லாருக்கும் காட்டப் போறேன். இவளப் பாத்துக் கத்துக்கோங்கன்னு.”

“வேணாம்கா.”

“வெக்கத்தப் பாரு.”

ஆய்வுப் படிவத்தில் எடையை எழுதி, அதன் கீழே கோடு போட்டாள். இந்த நாற்பது வீட்டில் இதுபோல் ஏறிய குழந்தை வேறு இல்லை. கத்தினால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது.

“பசிக்குது. பால் குடு.”

அம்பரீன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். உட்காரவில்லை. அழுகை ஏறிக்கொண்டே போனது.

“உக்காந்து குடும்மா. என்னாண்ட என்ன கூச்சம்?”

அம்பரீன் தேவகியைப் பார்த்தாள். தேவகி முந்தானையை இழுத்து மார்பை மூடினாள். மூடிய துணியிலும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. இன்னொரு வீறல் வந்தது. தேவகியால் அதற்கு மேல் வாசற்படியில் நிற்க முடியவில்லை. மூன்றே எட்டில் வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அழுகை நின்றது.

துர்காதேவி அவள் முதுகைப் பார்த்தாள். புடவையில் ஒட்டியிருந்த அரக்குப் பிசிறைப் பார்த்தாள். டாக்டரிடம் பேசிய போன் இன்னும் கையில்தான் இருந்தது. அம்பரீன் பக்கம் திரும்பினாள்.

“உன் கொழந்த எங்கம்மா?”

அந்தத் தெருவில் முதல் முறையாக அவள் குரல் வாசலைத் தாண்டவில்லை.

அம்பரீன் தலை நிமிராமலே சொன்னாள்:

“திட்டாதீங்கக்கா. பக்கத்து வூட்டுத் தூளியில சத்தமே இல்லாம கீதே, அதான் என்னுது.”