சுருக்கம் விழாத குண்டு

கொத்தனார் ஒருவர் கையில் பல வருஷம் தூக்குக்குண்டாகத் தொங்கிச் சுவர்களை நிமிர்த்திய ஈயம் அது. தேய்ந்து சிறுத்து, கடைசியில் ஒரு வேட்டைக்காரன் வீட்டு அடுப்பில் வந்து உருகியது. அவன் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு குண்டு வார்க்கத்தான் காணும். விஷயம் ஈயத்துக்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணே, உசிரெடுக்கிற பொழப்பு எனக்கு வேண்டாம். காப்பாத்துங்க" என்று குண்டு வார்க்கும் இரும்பு அச்சிடம் கெஞ்சியது.

"நான் சில்லுனு இருந்தா உன் மேல சுருக்கம் விழும். சுருங்கின குண்டு நேராப் போகாது. திரும்பச் சட்டியில போட்டுடுவான். என்னால ஆனது அவ்வளவுதான்" என்றது அச்சு.

வேட்டைக்காரன் அச்சில் ஊற்றித் திறந்தான். ஈயம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி வந்து விழுந்தது. அவன் திட்டிக்கொண்டே சட்டியில் எறிந்தான்.

"பொழச்சேன் அண்ணே!"

"ரொம்ப ஆடாதடா."

இரண்டாம் முறையும் சுருக்கம் விழுந்தது, ஆனால் கொஞ்சம்தான். மறுபடி சட்டி. ஈயம் சிரித்தது. அச்சு சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை திறந்தபோது ஈயம் மொழுமொழுவென்று உருண்டு கிடந்தது. வேட்டைக்காரன் விரலால் தடவிப் பார்த்துப் பையில் போட்டான்.

"அண்ணே, இப்படிக் கைவிட்டுட்டீங்களே!"

"நான் எங்கடா விட்டேன்? ரெண்டு தடவை கொதிக்கக் கொதிக்க உள்ள வந்து என்னைச் சூடாக்கினது யாரு?"

ஓடையில் ஒரு மான் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சுவர் நிமிர்த்திய ஈயம், நூல் பிடித்தாற்போல் நேராகவே போயிற்று.