அள்ள அள்ளக் குறையாத லெசித்தின்

"யோவ், இந்த டப்பா குறையவே இல்லய்யா," என்றாள் பெனிஷா. "ரெண்டு மாசமா தினம் பால்ல கலந்து குடிச்சிக்கினுதான் கீறேன். வாங்கின அன்னிக்கு மாதிரியே கீது."

ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அவள் புருஷன் ரிச்சர்ட், டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

மூளைக்கும் கல்லீரலுக்கும் நல்லது என்று அவள் வாங்கிவைத்த லெசித்தின் பவுடர் அது. மூளை அவளுக்கு, கம்பெனியில் லைன் லீடராகப் பதவி உயர்வு பெறும் பரீட்சைக்குப் படிக்கிறாள். கல்லீரலை ரிச்சர்ட் ரகசியமாக எடுத்துக்கொண்டான். தினமும் இரண்டு கரண்டி விழுங்கிவிட்டுத் தைரியமாக ஒயின் ஷாப்புக்குப் போவான். குறைந்ததைக் கடலை மாவால் நிரப்பிவிடுவான். நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது.

"எல்லாம் கர்த்தரோட அற்புதம். ஞாயித்துக்கெழமை டப்பாவோட போயி சபைல சாட்சி சொல்லப்போறேன். பாஸ்டர்கிட்ட பேர் குடுத்துட்டேன்."

சபையே ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்கும் காட்சி ரிச்சர்டின் கண்முன் ஓடியது. அங்கே பஜ்ஜி போடத் தெரியாத பெண் ஒருத்திகூடக் கிடையாது.

"பெனி, அது அற்புதம் இல்ல. நான்தான்," என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

பெனிஷா கோபப்படவில்லை.

"தெரியும். உன்ன நம்பி எவளாவது நல்ல பவுடர வெளில வெப்பாளா? வாங்கின அன்னிக்கே அத பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்."

"அப்போ நான் தின்னது?"

"கடலை மாவு."

அன்று ஒயின் ஷாப்புக்கு நேரமாகியும் ரிச்சர்ட் எழுந்திருக்கவில்லை. வலது விலாவை மெல்லத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.